கிருபையும் பாவமன்னிப்பும்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பக்கத்தில் பல வருடங்களாக ஞாயிறு பாடசாலையின் பெரிய பிள்ளைகளுக்கும், சபையில் அங்கத்தவராகச் சேர வருகிறவர்களுக்கும் வகுப்பு எடுத்து வருகிறேன். நான் மெதடிஸ்தக் குடும்பம். மனைவி தாண்டவன்வெளிக் கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு பக்க அயலவரும் சைவர்கள். அதனால் கேள்விகள் எல்லாத் திசையிலிருந்தும் வரும். வகுப்புக்குள் யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேற்றடிக்கு வரும்போதுதான், "சேர், ஒண்டு கேக்கட்டா?" என்று தொடங்குவார்கள். அப்படிக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேத வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தந்திருக்கிறேன். என் வகுப்பில் அதுதான் எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

"கிருபை, கிருபை எண்டு எல்லாரும் சொல்றாங்க. அது என்னெண்டு ஒரு வரியில சொல்லுங்க."

தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு. ஒரு வரியில் அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் ரோமர் 6:23ஐப் பாருங்கள். "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று பவுல் எழுதுகிறார். அடுத்த பாதியில் நித்திய ஜீவனைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சம்பளம் என்ற சொல்லை விட்டுவிட்டு, கிருபைவரம் என்கிறார். சம்பளம் என்பது உழைத்தவன் கேட்டு வாங்கக்கூடியது. வரத்தை அப்படிக் கேட்க முடியாது, கொடுத்தால் வாங்கலாம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்கு 'காரிஸ்' என்று பெயர். கொடை, உபகாரம், நன்றி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள்.

"அம்மம்மா கோயிலில 'அருள்' எண்டு சொல்றா, நாங்க 'கிருபை' எண்டு சொல்றம். ரெண்டும் ஒண்டா?"

ஒன்றுதான். கத்தோலிக்கர்களின் இன்றைய மொழிபெயர்ப்பில் அருள், மீட்பு என்று இருக்கும். எங்களுடைய பழைய மொழிபெயர்ப்பில் கிருபை, இரட்சிப்பு என்று இருக்கும். மூலச் சொல் ஒன்றே. எங்கள் வீட்டில் இரண்டும் புழங்குகின்றன. அதனால் சண்டை வந்ததில்லை.

அருள் என்ற சொல் தமிழில் கிறிஸ்தவர்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இறைவனின் அருள் இல்லாமல் உயிரைப் பற்றிய மலம் என்ற அழுக்கு நீங்காது என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. ஆகவே, தன் முயற்சியால் மட்டும் மனிதன் கரையேற முடியாது என்பது பக்கத்து வீட்டாருக்குப் புதிய செய்தி இல்லை. நாங்கள் வேறுபடும் இடம் வேறு: ஒரு காலத்தில், ஓர் ஊரில், உரோமரின் சிலுவையில் அறையப்பட்ட ஒரு மனிதரில் அந்த அருள் முழுமையாக வெளிப்பட்டது என்று நாங்கள் விசுவாசிக்கிறோம்.

"நான் கொலை செய்யேல்ல, களவெடுக்கேல்ல. என்னை ஏன் பாவி எண்டு சொல்றீங்க?"

பாவம் என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் அதிகம் வரும் கிரேக்கச் சொல் 'ஹமார்த்தியா'. குறி தவறுதல் என்பது அதன் பழைய பொருள். எய்த அம்பு பத்தடி தள்ளிப் போனாலும் ஒரு விரல் தள்ளிப் போனாலும் குறி தவறியதுதான்.

வேலி அடைக்கும் நாளில் பாருங்கள். பக்கத்து வளவுக்காரர் கொழும்பில் இருக்கிறார். பழைய கதியால் உக்கிப்போயிற்று. புதுக் கதியாலை நடும்போது கயிறு ஒரு சாண் அந்தப் பக்கம் சாய்கிறது. கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு அது தெரியும். கண்டும் காணாதவர்போல் நிற்கிறார். அவர் கொலைகாரர் இல்லை, கோயிலுக்குப் போகிறவர், அயலில் நல்ல பெயர். ஆனாலும் பிறனுடைய எல்லைக் குறியை ஒதுக்குகிறவனைப் பற்றி உபாகமம் 27ஆம் அதிகாரம் கடுமையாகப் பேசுகிறது. செய்த தீமை போல, செய்யாமல் விட்ட நன்மையும் இதில் சேரும். இப்படிப் பார்க்கத் தொடங்கினால், "எல்லாரும் பாவஞ்செய்து" என்று ரோமர் 3:23 சொல்வது யாரையும் கேவலப்படுத்துவதற்காக என்று தோன்றாது. அந்த 'எல்லாரும்' என்பதற்குள் பிரசங்கம் செய்கிறவரும் இருக்கிறார்.

"கடவுளுக்கு மன்னிக்க விருப்பமெண்டா சும்மா மன்னிச்சிருக்கலாமே? இயேசு ஏன் சாக வேணும்?"

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்கத்தான் வேண்டும். இதற்கு நான் எப்போதும் ஒரு கடையைப் பற்றிச் சொல்வேன்.

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு சின்னக் கடை இருந்தது. கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளுக்கு எல்லாம் அங்கே கொப்பிக் கணக்கு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கடையும் போயிற்று, கொப்பியும் போயிற்று. சில மாதங்களின் பின்பு நாலு தகரத்தை வைத்து அவர் மறுபடி தொடங்கினார். நான் அரிசி வாங்க நின்றிருந்தேன். ஒரு பெண் வந்து, "அண்ணே, என்ட பழைய கணக்கு எவ்வளவு?" என்று மெல்லக் கேட்டார். கொப்பிதான் இல்லையே என்று நான் நினைத்தேன். கடைக்காரர் நினைவிலிருந்து சொன்னார்: நாலாயிரத்துச் சொச்சம். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிற்று. அவர் புதுக் கொப்பியை எடுத்து, ஒரு பக்கத்தின் மேலே அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பூச்சியம் போட்டார். "அதை நான் பாக்கிறன். நீ சாமானைச் சொல்லு தங்கச்சி."

கொப்பி தொலைந்ததால் அந்தக் கடன் தீரவில்லை. தொகை அவருக்குத் தெரியும், சொல்லியும் விட்டார். பட்டணத்து மொத்தக் கடைக்காரருக்கு அவர் அந்த நாலாயிரத்தைக் கட்டத்தான் வேண்டும், கட்டினார். மன்னித்த அன்று கடன் காற்றில் கரையவில்லை, அந்தப் பெண்ணின் தலையிலிருந்து இறங்கி அவருடைய தலையில் ஏறியது. யாராவது யாரையாவது உண்மையாக மன்னித்த இடத்திலெல்லாம் இது நடக்கிறது. வாங்குகிறவருக்கு இலவசம். கொடுக்கிறவருக்கு இலவசமே இல்லை. சிலுவையை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: கடவுள் நட்டத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட இடம். கோபக்காரத் தகப்பன் ஒருவர் குற்றமற்ற வேறு யாரையோ பிடித்து அடித்த கதையாக அதை விளங்கிக்கொள்ளக் கூடாது. தேவன் "கிறிஸ்துவுக்குள்" உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்றுதான் 2 கொரிந்தியர் 5:19 சொல்கிறது. சபை வரலாற்றில் இதைப் பலவிதமாக விளக்கியிருக்கிறார்கள். அடிமையை மீட்கும் கிரயம் என்றார்கள், தீமையை வென்ற வெற்றி என்றார்கள். 11ஆம் நூற்றாண்டின் முடிவில் அன்சலேம் என்ற இறையியலாளர், கெடுக்கப்பட்ட மரியாதைக்கு ஈடு என்றார். என் கடைக் கதையும் ஓர் உவமைதான். உவமையை எல்லை தாண்டி இழுக்கக் கூடாது.

"அப்ப நல்லது செய்யிறதால ஒரு பிரயோசனமும் இல்லையா?"

மேலே சொன்ன அந்தப் பெண், வலையில் மீன் பட்ட நாளில் எல்லாம் கடைக்காரரின் வீட்டுக்கு ஒரு கூறு மீன் அனுப்புவார். பல வருடம் அனுப்பினார். கடனை அடைப்பதற்காகவா? கடன்தான் இல்லையே. நற்செயலுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தில் இருக்கும் இடம் அந்தக் கூறு மீனின் இடம். கிருபையால் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எபேசியர் 2:8 சொல்கிறது. இரண்டே வசனம் கழித்து, நற்கிரியைகளைச் செய்யவே உண்டாக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. வரிசை மாறக் கூடாது, அதுதான் விஷயம்.

இந்த வரிசையைப் பற்றித்தான் 16ஆம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபையே பிளந்தது. ஆனால் 1999 ஒக்டோபர் 31இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. எங்கள் தகுதியால் இல்லை, கிருபையால் மட்டுமே கடவுள் எங்களை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு பக்கமும் சேர்ந்து சொன்னார்கள். 2006இல் சியோலில் உலக மெதடிஸ்த மன்றமும் அதில் இணைந்தது. இங்கே கலப்புக் கலியாணப் பேச்சு வரும்போது, "அவங்க செயலால, நாங்க விசுவாசத்தால" என்று இன்னமும் சில பெரியவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

"கிருபை இருக்குத்தானே. பாவம் செய்திட்டு மன்னிப்புக் கேட்டாச் சரிதானே?"

இதே கேள்வியை ரோமர் 6இன் தொடக்கத்தில் பவுலே எழுப்பி, "கூடாதே" என்று வெட்டிவிடுகிறார். ஜேர்மன் போதகர் போன்ஹோபர் 1937இல் இதற்கு 'மலிவான கிருபை' என்று பெயர் வைத்தார். மனந்திரும்புதல் இல்லாமல் கேட்கிற மன்னிப்பு அது. மேலே உள்ள கடைக்குத் திரும்பிப் போங்கள். பெயருக்குப் பக்கத்தில் பூச்சியம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "இவர் விடுவார்தானே" என்று மறுநாளே வேண்டுமென்று கடன் ஏற்றுகிறவர், நடந்தது என்ன என்பதையே காணவில்லை. அந்த நாலாயிரத்தை யார் கட்டினார் என்று கண்டவருக்கு அப்படிச் செய்யக் கை வராது.

வேண்டுமென்று செய்வதும் விழுந்து எழும்புவதும் வேறு வேறு. இரண்டாவதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

"ஃபாதரிட்ட போய்த்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேணுமா? நேரா கடவுளிட்டச் சொன்னாப் போதாதா?"

"நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" கடவுள் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. குருவானவர் முன்னிலையில்தான் என்று அந்த வசனம் சொல்லவில்லை. எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்பு எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். கத்தோலிக்கர்கள் யோவான் 20:23ஐக் காட்டுவார்கள். பாவங்களை மன்னிக்கும் பொறுப்பை உயிர்த்த இயேசு சீஷர்களுக்குக் கொடுக்கும் இடம் அது. வருடத்தில் ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு 1215இல் நான்காம் லாத்தரன் என்ற ஆயர் சங்கத்தில் வந்தது. அங்கேயும் மன்னிக்கிறவர் கடவுளே. குரு அவருடைய பணியாளர்.

ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேரே கடவுளிடம் சொல்கிறேன் என்பவர்களில் பலர் யாரிடமும் சொல்வதில்லை. நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1738இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், கடந்த கூட்டத்துக்குப் பிறகு நீ அறிந்து செய்த பாவம் என்ன என்று ஒவ்வொரு வாரமும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. யாக்கோபு 5:16ஐ அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நம்பக்கூடிய ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லி, "கடவுள் உன்னை மன்னித்தார்" என்று காதால் கேட்பது பெரிய விடுதலை. என் மனைவி சிறுவயதிலிருந்து அறிந்த அந்த விடுதலையை நான் நாற்பது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

"மன்னிப்புக் கேட்டிட்டன். ஆனா மனசு இன்னும் குத்துது. அப்ப மன்னிக்கேல்லையா?"

மன்னிப்பு ஒன்று, மன்னிக்கப்பட்டேன் என்ற உணர்வு இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் வர வேண்டும் என்றில்லை. வெஸ்லி குருவாக அபிஷேகம் பெற்றது 1728இல். பத்து வருடம் கழித்து, 1738 மே 24 மாலை, இலண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான், தன் பாவத்தையும் கிறிஸ்து நீக்கினார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. நாங்கள் வருடந்தோறும் நினைவுகூரும் நாள் அது. அடுத்த ஜனவரியில் அதே வெஸ்லி, தான் இன்னும் கிறிஸ்தவனே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதியதைப் பலர் சொல்வதில்லை. நான் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகளின் முகம் தெளியும்.

சில குத்தல்களுக்குக் காரணம் வேறு. மன்னிப்புக் கேட்டிருப்போம், ஆனால் சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்திருக்க மாட்டோம். அதைப் பத்தாவது கேள்வியில் பாருங்கள். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் ஒரே பாவத்தை நாளுக்குப் பத்துத் தடவை அறிக்கையிட்டு, நித்திரையில்லாமல் தவிக்கிறவர்கள் உண்டு. அது விசுவாசக் குறைவு இல்லை. போதகரிடமும் போங்கள், வைத்தியரிடமும் போங்கள்.

"ஒரே பாவத்தில திரும்பத் திரும்ப விழுறன். எனக்கெல்லாம் கிருபை இருக்குமா?"

இதைக் கேட்டவர் கசிப்பை (கள்ளச் சாராயத்தை) மூன்று தடவை விட்டவர், அதாவது மூன்று தடவை திரும்பத் தொடங்கியவர். எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்கும்படி பேதுருவிடம் சொன்ன இயேசு, தான் நாலாவது தடவையில் கதவைச் சாத்துவாரா என்று அவரிடம் கேட்டேன். அழுதார்.

கிருபை எல்லாரிலும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜோன் நியூட்டனைப் பாருங்கள். 1748இல் கடலில் புயலில் அகப்பட்டபோது கடவுளைக் கூப்பிட்டார். தன் மனமாற்றத்தின் நாளாக அதையே கடைசிவரை சொன்னார். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போனார், கப்டனாகவும் இருந்தார். அடிமை வியாபாரத்தைப் பகிரங்கமாகக் கண்டித்து அவர் எழுதியது 1788இல்தான். மனமாற்றத்துக்கும் அந்தக் கண்டனத்துக்கும் நடுவில் 40 வருடம். அந்தத் தாமதத்துக்காகப் பல உயிர்கள் விலை கொடுத்தன. அதைச் சின்னதாக்க முடியாது, அவரும் சின்னதாக்கவில்லை. ஆனாலும் வேலை தொடங்கிய கை அவரை விடவில்லை. கசிப்பு அண்ணைக்கு நான் இன்னொன்றும் சொன்னேன்: ஜெபம் பண்ணுங்கள், ஆனால் மாலை ஆறு மணிக்கு அந்த ஒழுங்கையால் வீட்டுக்குப் போகாதீர்கள்.

"கடவுள் மன்னிச்சிட்டார்தானே. எடுத்த காசையும் திருப்பிக் குடுக்கணுமா?"

ஓம், குடுக்க வேண்டும். வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19). லேவியராகமம் 6இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் லூக்காவில் வரிசையைக் கவனியுங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போனார், அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று கணக்குச் சொன்னான். திருப்பிக் கொடுத்து அவன் கிருபையை வாங்கவில்லை.

சீட்டுக் காசில் கைவைத்தவர் ஒருவர், அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாமா என்று கேட்டார். கூடாது. யாருடைய காசோ அவர் கையில் கொடுக்க வேண்டும். முழுத் தொகையும் இல்லையென்றால் போய் உள்ளதைச் சொல்லி, மாதம் மாதம் கட்டலாம். காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்பது மத்தேயு 5:23, 24.

"அவன் மன்னிப்பே கேக்கேல்ல. நான் ஏன் மன்னிக்க வேணும்?"

மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனின் உவமை வருகிறது. ஒரு தாலந்து ஏறத்தாழ 6000 தினாரி. ஒரு தினாரி ஒரு நாள் கூலி. கூட்டிப் பார்த்தால் ஆறு கோடி நாட்கூலி. லட்சம் வருடத்துக்கு மேல் உழைத்தாலும் கட்டி முடியாது. அதை மன்னித்துக்கொண்டு வெளியே வந்தவன், தன்னிடம் நூறு தினாரி கடன்பட்டவனின் தொண்டையைப் பிடித்தான். நூறு தினாரியும் சின்னத் தொகை இல்லை, மூன்று மாதத்துக்கு மேலான கூலி. இயேசு எங்கள் காயத்தைச் சின்னது என்று சொல்லவில்லை. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று தினமும் ஜெபிக்கிறவர்கள் இந்த உவமையைத் தாண்டிப் போக முடியாது.

சரி, ஆனால் மன்னிப்பும் ஒப்புரவும் ஒன்றில்லை. பழிவாங்கும் உரிமையைக் கடவுளிடம் ஒப்படைப்பது மன்னிப்பு. அதை ஒருவர் தனியாகச் செய்யலாம். உறவு திரும்பக் கட்டப்பட இருவரும் வேண்டும். தவறு செய்தவர் உண்மையைச் சொல்ல வேண்டும், மாற வேண்டும். அடிக்கிற புருஷனை மன்னித்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போ என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் கிருபையின் பெயரைக் கெடுத்தார்கள். அவர் பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு, பொலிசில் முறைப்பாடு கொடுத்துக்கொண்டும் மன்னிக்கலாம். அதற்கு எத்தனை வருடம் எடுக்கும் என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம்.

"2019இல குண்டு வைச்சவனையும் மன்னிக்க வேணுமா? யுத்தத்தில நடந்ததையும் மறந்திடணுமா?"

இதைக் கேட்டவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். நான் வகுப்பு எடுக்கிற வயதுப் பிள்ளைகள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "நீங்கள் மன்னிக்க வேண்டும்" என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அவரே அந்தச் சொல்லைச் சொன்னால் தலைகுனிந்து கேட்கலாம். சொல்லாவிட்டால் பக்கத்தில் இருந்து அழலாம். அவருக்குப் பதிலாக வேறொருவர் மன்னித்துவிட முடியாது.

மன்னிப்பு நீதியை நிறுத்தாது. அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி உட்படப் பொறுப்பிலிருந்தவர்கள் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டு வழக்குப் போட்டவர்கள் மன்னியாத மனதுக்காரர் ஆகிவிட மாட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயிடம் "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று சொல்லவும் கூடாது. தாவீது ராஜா மன்னிக்கப்படுவதற்கு முன்பு நாத்தான் தீர்க்கதரிசி வந்து, "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். உண்மை வாயால் வர வேண்டும். கொப்பி கடலோடு போனதற்கும் கடைக்காரர் தொகையைச் சொல்லிவிட்டு மன்னித்ததற்கும் இருந்த வித்தியாசம் இங்கேதான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள் கொல்லப்பட்டார்கள். இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகத்திடமும் கடன் மட்டும் இல்லை, வரவும் உண்டு. செய்தவனுடைய குற்றத்தை அவனுடைய சமூகத்தின் கணக்கில் எழுதுவதற்கு வேதத்தில் இடமில்லை. அதற்கான வசனம் அடுத்த பதிலில் வருகிறது.

"எங்கட குடும்பத்தில பரம்பரைச் சாபம் இருக்கு, அதை முறிக்க விசேஷ ஜெபம் வேணும் எண்டு ஒருத்தர் சொன்னார்."

அவர் காசு கேட்டாரா என்பதை முதலில் சொல்லுங்கள். கேட்டிருந்தால் அந்தப் படலையைத் திரும்பத் திறக்காதீர்கள். எசேக்கியேல் 18:20 தெளிவாக இருக்கிறது: தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). தகப்பனின் குடி பிள்ளையின் வாழ்க்கையைப் பாதிக்கும், அது உண்மை. அது காயம். காயத்துக்கு மருந்து கட்ட வேண்டும், குற்றம் சாட்டக் கூடாது.

"மன்னிக்கப்படாத பாவம் எண்டு ஒண்டு இருக்காமே. நான் அதைச் செய்திட்டனோ எண்டு பயமா இருக்கு."

மாற்கு 3ஐ முழுதாக வாசியுங்கள். இயேசு நோயாளிகளைக் குணமாக்குவதைக் கண்ணால் கண்டுகொண்டே, இது பிசாசின் வேலை என்று சொன்ன வேதபாரகரைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். வெளிச்சத்தை வெளிச்சம் என்று தெரிந்துகொண்டே இருள் என்பவர்கள் அவர்கள். மன்னிப்பு வேண்டும் என்றே அவர்கள் நினைக்கவில்லை. உங்களுக்கு மன்னிப்பு வேண்டும் என்று இருக்கிறது, கிடைக்காதோ என்று பயப்படுகிறீர்கள். பயப்படுகிறவர் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை.

"சாகிற நேரம் மனந்திரும்பினாலும் மோட்சமா? அது அநியாயமில்லையா?"

அநியாயம்தான் என்று மத்தேயு 20இல் காலையிலிருந்து வெயிலில் நின்ற கூலியாட்களும் முறுமுறுத்தார்கள். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் அதே கூலி. வட்டையில் வேலை செய்த யாருக்கும் அந்தக் கோபம் விளங்கும். ஆனால் மாலை ஐந்து மணி வரை யாரும் கூப்பிடாமல் சந்தியில் நின்றவனின் வீட்டிலும் அன்றிரவு உலை வைக்க வேண்டும். அந்த எசமான் அதை நினைத்தார். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லை, காணிக்கை கொடுக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் நேரமிருக்கவில்லை. "என்னை நினைத்தருளும்" என்றான். அது போதுமாயிருந்தது.

"என்ட தம்பி தானாகவே உயிரை விட்டுட்டான். அவனுக்கு மன்னிப்பு இல்லையெண்டு சொல்றாங்க."

சொல்கிறவர்களை நம்பாதீர்கள். முன்பு கத்தோலிக்கச் சட்டம் இப்படி இறந்தவர்களில் சிலருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. 1983இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்றும் இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி சொல்கிறது. கடைசி நிமிடத்தில் அறிக்கையிடாமல் போன பாவம் ஒன்று எங்கள் எல்லாரிடமும் இருக்கும். கடைசி நிமிடத்தின் கணக்கு மட்டும்தான் எடுபடும் என்றால் கிருபை என்ற சொல்லே தேவையில்லை. மரணமோ ஜீவனோ கிறிஸ்துவின் அன்பை விட்டு எங்களைப் பிரிக்காது என்று ரோமர் 8 சொல்லும் பட்டியலில், உங்கள் தம்பியின் மரணத்துக்கு மட்டும் விதிவிலக்கு எழுதப்படவில்லை. அவன் உள்ளே எவ்வளவு வலியோடு இருந்தான் என்பது கடவுளுக்குத் தெரியும்.

இதை வாசிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இன்றிரவே யாரிடமாவது சொல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். எங்கள் வீட்டுக் கேற்றும் பூட்டியிருப்பதில்லை.